ஸ்கூல் கட்டிங்

தலைய ஆட்டாத தம்பி, நீ ஆட்டுனா எனக்குக் காது எது கிருதா எதுன்னு தெரியாது, அப்புறம் ஒரு காதோட வீட்டுக்குப் போவ, உங்கம்மா என்ட்ட வந்து இன்னொன்ன கேக்கும். சிரிக்கிறான். சிரிச்சாலும் ஆடுது. எத்தனாவது தலைன்னு தெரியல, எண்ணுறத அப்பவே விட்டாச்சு, பிரேயர் முடிஞ்சு மைக்குல "முடி வெட்டாத மாணவர்கள் எல்லாம் வேப்பமரத்தடிக்கு வரவும்"னு சொன்னதுல இருந்து தலையா வந்துக்கிட்டே இருக்கு, கறுப்பு கறுப்பா, வேர்வை வாசத்தோட, எண்ணெ வாசத்தோட, ஒருத்தன் தலையில காலையில தின்ன இட்லிப் பொடி வாசம் அடிக்குது, எப்படிடா தலைக்குப் போச்சு. மெஷினு சூடாயி உள்ளங்கைய கடிக்குது. மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு நரம்பு தனியா எந்திரிச்சு நிக்குது. சேரு லைப்ரரி சேரு, ஒரு காலு குட்டை, செங்கல் துண்ட முட்டுக் குடுத்துருக்கு. கண்ணாடி கெடையாது. கண்ணாடி இல்லாம முடி வெட்டிக்கிறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னா, ஆஸ்பத்திரியில ஊசிக்குத் திரும்பிப் படுத்தவன் மூஞ்சி மாதிரி இருக்கும். எனக்கு எல்லாருடைய பின் கழுத்துதான் தெரியுது. இதே ஸ்கூல்ல பதினொன்னாவது வரைக்கும் நானும் படிச்சேன், படிச்சேன்னா வந்துட்டுப் போனேன், கடைசி பெஞ்சுல இருந்து அப்பவும் எனக்கு எல்லாருடைய பின் கழுத்துதான் தெரிஞ்சுச்சு, ஆக ஒன்னும் பெருசா மாறல. நேத்து சாயங்காலம் பி.டி. ஜெபராஜ் சாரு பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருக்குற எங்க சலூனுக்கு வந்து, "டேய் ராமரு, நாளைக்கு ஸ்கூலுக்கு வா"ன்னாரு. "நான்தான் ஸ்கூல விட்டு நின்னு மூணு வருசமாச்சே சார், இப்ப எந்த ஹோம்வொர்க்க கேக்குறீங்க"ன்னேன். கடையே சிரிச்சுச்சு. சாரும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், ஆனா இன்னைக்கு கேட்டுக்குள்ள வரும்போது சட்டைய இன் பண்ணிக்கிட்டேன், யாரும் சொல்லாமயே, கையே பண்ணிருச்சு, கருமம்.

எந்திரி தம்பி, ஒதறிட்டுப் போ. அடுத்து. இதுல கூத்து என்னன்னா இந்த வரிசையில நிக்கிற தலையில பாதி நான் செஞ்ச தலை. ஞாயித்துக்கெழம காலையில வந்து, "ண்ணே சைடுல ரெண்டு லைன் போடுங்கண்ணே, மேல காளான் மாதிரி விடுங்கண்ணே"ன்னு செல்போன்ல போட்டோ காட்டி, நான் மூச்ச அடக்கிட்டு, பிளேடு நுனியால ரெண்டு லைன் போட்டு, கடை ஓனரு குருசாமி அண்ணன் கூட வந்து எட்டிப் பாத்து, "பரவால்லடா, கை வந்துருச்சு"ன்னு சொல்லி, அதெல்லாம் ஞாயித்துக்கெழம. இன்னைக்கு அதே லைன நானே அழிக்கிறேன். ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டு, "ண்ணே, ஞாயித்துக்கெழம நீங்க வேற ஆளுண்ணே"ன்னான். ஆமா தம்பி, அது தனியாரு, இது அரசாங்கம். யாரு அடுத்து, உக்காரு. உக்காந்தவன நான் மூஞ்சியில பாக்கல, துணியக் கட்டுறதுக்கு காலரை மடக்கும்போதுதான் வெங்காய வாசம் அடிச்சுச்சு. சின்ன வெங்காயம். கையி அப்படியே நின்னுருச்சு. நித்தீஸு. பதினொன்னாவது பி செக்சன். போன வாரம் மத்தியானம் கடையில ஆளே இல்லாத நேரமா பாத்து வந்தான், வந்தவன் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு குருசாமி அண்ணன் சாப்புடப் போற வரைக்கும் படிக்கிற மாதிரியே இருந்தான், பேப்பரு தலைகீழா இல்ல, ஆனா ஒரே பக்கம். அப்புறம் சேருல உக்காந்து, "ண்ணே, பின்னாடி மட்டும் கை வைக்காதீங்க, நீளமாவே இருக்கட்டும்"ன்னான். என்னடா தோகை வளக்குறியான்னு கேட்டுக்கிட்டே சீப்பால தூக்குனேன். பாத்தேன். புழுவெட்டு. பின்னந்தலையில, ரெண்டு ரூவாக் காசு அளவுக்கு, ஒரு முடி இல்ல, கத்திரிக்கா தோலு மாதிரி வழவழன்னு. எனக்கு வாயில வந்த ஜோக்க முழுங்குனேன், ஜோக்க முழுங்குறது எனக்கு எலும்ப முழுங்குறது மாதிரி. "வீட்டுல தெரியுமா?" "அம்மாவுக்குத் தெரியும்ணே, தெனம் வெங்காயத்த நசுக்கித் தேய்க்கிது." "ஸ்கூல்ல?" "ஐயோ. ஸ்கூல்ல தெரிஞ்சா நான் போகவே மாட்டேண்ணே." சும்மா சொல்லுவாய்ங்கள்ல அந்த மாதிரி இல்ல. சோறு வேண்டாம்னு சொல்றவன் மாதிரி சாதாரணமா சொன்னான். அப்படிச் சாதாரணமா சொல்றவன்தான் செய்வான். எனக்குத் தெரியாதா.

இப்ப இவன் கழுத்து என் கைக்குக் கீழ கட்டையா இருக்கு. துணிக்குள்ள இருந்து கை வெளிய வந்து என் பேன்ட்டப் புடிக்கிது. "ண்ணே." சத்தமே இல்ல, காத்துதான் வருது. "ண்ணே, பின்னாடி வேணாம்ணே." தெரியும்டா. கைய உள்ள வையி. மொதல்ல சைடு. சைட மெதுவா எடுப்போம், மெதுவா, மெஷினுக்கே தூக்கம் வர்ற மாதிரி மெதுவா, அதுக்குள்ள பெல்லடிச்சிரும், இல்ல மழை வரும், இல்ல கலெக்டர் வருவாரு, ஏதாவது வரும். ஒன்னும் வராது. சாரு அங்கிட்டு கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு போன் பேசுறாரு. கழுத்துல விசிலு. போன்ல "சரிங்க சார், சரிங்க சார்"னு சொல்றாரு, இத்தனை வருசமா எங்கள "சரிங்க சார்" சொல்ல வச்ச மனுசன். மயிருதான, வளந்துரும். இதத்தான் எல்லாரும் சொல்லுவாய்ங்க. எனக்கும் சொன்னாய்ங்க. தனிக்கொடி சாரு, கணக்கு, நல்லா நடத்துவாரு, அத இல்லைங்கல, நான் பதினொன்னாவது படிக்கும்போது ஒரு திங்கக்கெழம, முடி வெட்டலன்னு பிரேயர்ல என்னை மேடைக்குக் கூப்புட்டு, ஆபீஸ் கத்தரி, பேப்பர் வெட்டுற கத்தரி, அதால நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் ஒரு வெட்டு வெட்டுனாரு. ரோடு போட்டாரு. நான் என்ன பண்ணேன், எனக்கு வாய் சும்மா இருக்குமா, கீழ எறங்கும்போது, "பஸ்சு எப்ப சார் விடுவீங்க"ன்னு கேட்டுட்டேன். ஸ்கூல் மொத்தமும் சிரிச்சுச்சு. பொம்பளப் புள்ளைங்க சிரிச்சுச்சு. டீச்சருங்க சிரிச்சாய்ங்க. தனிக்கொடி சாரே சிரிச்சாரு. எல்லாரும் நெனச்சாய்ங்க, பாரு, எப்படி லேசா எடுத்துக்கிட்டான் பாருன்னு. வீட்டுக்குப் போயி அம்மா முந்தானைய தலையில போத்திக்கிட்டுப் படுத்தேன். "மயிருதானடா, வளந்துட்டுப் போகுது"ன்னுச்சு அம்மா. வளரட்டும், வளந்ததும் போறேன்னேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். சமமாக்கலாம்னு குருசாமி அண்ணன் கடைக்குப் போனேன், அண்ணன் மொட்டையடிச்சு விட்டு, "கொஞ்ச நேரம் இரு, ஆளு வரல, இதப் பெருக்கு"ன்னாரு. பெருக்குனேன். மறுநாளும் பெருக்குனேன். முடி வளந்துச்சு, நல்லாவே வளந்துச்சு, நான்தான் போகல. மாமா வந்து, "நம்ம வகையறாவுல எவன்டா கத்தரி புடிச்சான்"னு குதிச்சாரு, அம்மா, "மேடையேத்தி வெட்டுனப்ப நீ எங்க போயிருந்த"ன்னு ஒரே கேள்விதான், மனுசன் காபிய கூட முழுசா குடிக்கல.

வலது சைடு முடிஞ்சுச்சு. இடது சைடு. நான் இவ்வளவு சுத்தமா எந்தத் தலையும் வெட்டுனதில்ல, கல்யாண மாப்பிள்ளைக்குக் கூட. வரிசையில இருந்து ஒருத்தன், "ண்ணே, அவனுக்கு மட்டும் என்ன செதுக்குறீங்க, சிலையா?"ன்றான். ஆமாடா, உன்னையும் செதுக்குறேன், மூக்குல இருந்து ஆரம்பிக்கவா. சிரிப்பு. என் வாயி தன்னால ஓடுது, அது ஒரு தனி மெஷினு, அதுக்கு சார்ஜே எறங்காது, உள்ள நான் தனியா உக்காந்து, என்ன பண்றது, என்ன பண்றதுன்னு அதே எடத்துல சுத்திக்கிட்டு இருக்கேன். சாருட்ட போயி காதுல சொல்லிட்டா என்ன? சார், இவனுக்குப் பின்னாடி இப்படி. ஆனா நான் மெஷின வச்சிட்டு கொடிக்கம்பம் வரைக்கும் நடந்து போயி காதுல பேசுனா, இத்தனை கண்ணும் எங்க போகும்? நேரா இவன் பின்னந்தலைக்குத்தான் போகும். இவன் கோளாறு ஒன்னு வச்சிருக்கான்னு தெரிஞ்சா போதும், இவிங்களே தூக்கிப் பாத்துருவாய்ங்க. பேசாம சார்ஜு போச்சுன்னு சொல்லிரலாமா? கத்தரிய எடுன்னுவாரு. கத்தரி மொக்கைன்னா? ஏன்டா கொண்டாந்தன்னுவாரு. ஜெபராஜ் சாரு கெட்ட மனுசன் கெடையாது, அதுதான் கஷ்டமே, கெட்ட மனுசன்னா ஏமாத்திரலாம். காலையில டீ குடிக்கும்போது சொன்னாரு, மூஞ்சில தூக்கமே இல்ல, "அடிக்கக் கூடாதுன்னான், சரின்னேன்டா. திட்டக் கூடாதுன்னான், சரி. வெளிய நிப்பாட்டாத, சரி. அப்ப நான் எதுக்கு விசில மாட்டிக்கிட்டுத் திரியிறேன், டிராபிக் போலீஸா? ஒருத்தன் வந்து, சார் என் பையனக் கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்கன்றான், மறுநாளு அவனே வக்கீலக் கூட்டிட்டு வர்றான். பயாலஜி டீச்சரு வண்டி சீட்ட பிளேடால கிழிச்சு விட்டாய்ங்க, அந்தம்மா பிளாஸ்டிக் கவர விரிச்சு உக்காந்து வீட்டுக்குப் போச்சு, யாருட்டயும் ஒரு வார்த்த சொல்லல, சொல்லி என்னத்துக்குன்னு. எங்க கையில மிச்சம் இருக்குறது இந்த மயிரு ஒன்னுதான்டா ராமரு." சொல்லிட்டு டீயப் பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்கு அந்த நேரம் அவரு மேல பாவமா இருந்துச்சு. என் மேலயும். டீ மேல கூட, ஆடை கட்டிருச்சு.

தனிக்கொடி சாரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. மாசம் ஒருக்க எங்க கடைக்குத்தான் வர்றாரு, டை அடிக்க. மொதத் தடவ வந்தப்ப, நான்தான் சார் ராமரு, ரோடு போட்டீங்களேன்னு சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவரு கண்ணாடியில என்னைப் பாத்து, "எது வரைக்கும் தம்பி படிச்சிருக்க?"ன்னாரு. பதினொன்னு சார். "அடடா, ஏன் விட்ட? படிச்சிருக்கலாமே." நெசமான வருத்தம். எனக்கு எங்க போயி முட்டிக்கிறதுன்னு தெரியல. கண்ணாடியிலதான் முட்டணும், அது குருசாமி அண்ணன் கண்ணாடி. காதுல படாம டை போட்டு விட்டேன், நல்லாருக்குன்னாரு. அவருக்கு அது ஒரு திங்கக்கெழம. எத்தனை திங்கக்கெழம, எத்தனை தலை. எனக்கும் இப்ப அப்படித்தான இருக்கு, காலையில இருந்து வெட்டுன தலையில ஒரு மூஞ்சி ஞாபகம் இருக்கா? இல்ல. இந்தா இவன் மட்டும்தான், இவனும் வெங்காயத்தாலதான்.

"என்னடா இன்னும் அங்கயே நிக்கிற?" சாரு குரலு. போன் முடிஞ்சிருச்சு. "பின்னாடி என்ன அது தோகை? ஏத்து, ஒன்னாம் நம்பரு வச்சு ஏத்து." ஏத்துறேன் சார். ஒன்னாம் நம்பருன்னா ஒட்ட வழிக்கிறது, அந்த எடம் அப்படியே வெளிய தெரிஞ்சிரும். நித்தீஸு கழுத்துல முடியெல்லாம் சிலுத்துக்கிட்டு நிக்கிது, வேர்வை ஒரு சொட்டு காதுக்குப் பின்னாடி எறங்கி வருது, எறங்கி சட்டைக்குள்ள போகுது. என்னால ஒன்னு முடியும், கழுத்துக்கிட்ட கீழ மட்டும் ஏத்திட்டு, அந்த எடத்துக்கு மேல வர்ற முடிய கத்தரியால பட்டும் படாம நுனிய வெட்டி விட்டா, தூரத்துல இருந்து பாக்க ஏத்துன மாதிரித்தான் இருக்கும். அதத்தான் செய்யிறேன். மூச்ச அடக்கிக்கிட்டு செய்யிறேன். நல்லா வருதுடா. வருது. சாரு ஒரு தடவ பாத்தாரு, "ம்"னாரு, திரும்பி வரிசையப் பாத்து, "எவன்டா அங்க தள்ளுறது?"ன்னு நடந்தாரு. முடிஞ்சுச்சு. அவ்வளவுதான். முடிஞ்சுச்சு நித்தீஸு, எந்திரிச்சு ஓடிருன்னு சொல்லப் போறேன். நெஞ்சுல ஒரு எளக்கம், காலையில இருந்து மொத எளக்கம். அந்த எளக்கத்துல என் கையி என்ன பண்ணுச்சுன்னா, மூணு வருசமா ஒவ்வொரு தலைக்கும் கடைசியா என்ன பண்ணுமோ அதப் பண்ணுச்சு. ஒட்டிக்கிட்டு இருக்குற துண்டு முடி விழுகட்டும்னு, எடது கையால உச்சிய அமுக்கி, சீப்ப அடியில குடுத்து, பின்னாடி முடிய மேல தூக்கி ஒரு தட்டு. நான் பண்ணல. கையி பண்ணுச்சு. தூக்குனதும் நானே பாத்தேன். வெயிலு நேரா அது மேல விழுகுது. வெள்ளையா, பளபளன்னு.

"டேய், என்னடா அது?" வரிசையில மொத ஆளு. "எங்கடா?" "அந்தா, நித்தீஸு மண்டையில, சொட்டைடா." "டேய் தள்ளு, தள்ளு, பாப்போம்." நான் சீப்ப எறக்கிட்டேன், எறக்கி என்ன பண்ண. கழுத்து என் கைக்குள்ள செத்துப் போச்சு. அவன் அழுகல, திரும்பல, துணிக்குள்ள ரெண்டு கையும் அப்படியே இருக்கு, எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கான், நான் அந்தப் பக்கம் பாத்தேன், கேட்டு. கேட்டத்தான் பாக்குறான். கேட்டுக்கு வெளிய ரோடு, பஸ்சு போகுது. விசிலு. சாரு ஓட்டமா வர்றாரு. "என்னடா இளிப்பு? என்ன அங்க?" ஒருத்தன், "சார், நித்தீஸுக்கு மண்டையில"ன்னு ஆரம்பிச்சான். எனக்கு யோசிக்க நேரமில்ல, யோசிச்சிருந்தா சொல்லிருக்க மாட்டேன், வாயிதான், அந்தத் தனி மெஷினு, அது கெளம்பிருச்சு. "சார், மெஷின் கடிச்சிருச்சு சார்." "என்னது?" "கை தவறிருச்சு சார். லேசா அசந்துட்டேன், ஒரு எடத்துல வழிச்சு விட்ருச்சு. என் தப்புதான் சார்."

சாரு குனிஞ்சு பாத்தாரு. முடிய ஒதுக்கி, பெருவெரல அந்த எடத்துல வச்சு ஒரு தேய் தேய்ச்சாரு. மெஷின் கடிச்ச எடம் முள்ளு முள்ளா இருக்கும், இது வழவழன்னு இருக்கும், தெனம் தாடைய வழிக்கிற மனுசனுக்கு அது தெரியாமயா இருக்கும். வெரல எடுக்கல. என் மூஞ்சியப் பாத்தாரு. நான் மெஷினப் பாத்தேன். அப்புறம் நிமிர்ந்தாரு, நிமிர்ந்து, மைக்கே வேணாத தொண்டையில, ஸ்கூல் மொத்தத்துக்கும் கேக்குற மாதிரி ஆரம்பிச்சாரு. "அறிவிருக்காடா உனக்கு? புள்ள தலையில குழி தோண்டி வச்சிருக்க? படிக்கத்தான் வக்கில்லாம போன, இந்த மெஷினையாவது ஒழுங்காப் புடிக்கத் தெரியாதா? உன்னைய நம்பிக் கூட்டியாந்தேன் பாரு, என்னைய அடிக்கணும். யாரு வீட்டுப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" திட்டுனாரு, நிப்பாட்டுவாருன்னு பாத்தேன், திரும்பவும் ஆரம்பிச்சு திட்டுனாரு, திட்டும்போது என்னையப் பாக்கல, வரிசையப் பாத்துக்கிட்டே திட்டுனாரு, வரிசையில ஒவ்வொரு கண்ணும் நித்தீஸு தலையில இருந்து கழண்டு என் மேல வந்து ஒட்டுற வரைக்கும் திட்டுனாரு. மாடி வராந்தாவுல டீச்சருங்க வந்து எட்டிப் பாக்குறாய்ங்க. இந்தத் தடவ எனக்கு ஜோக்கு வரல. வந்திருந்தாலும் விட்டுருக்க மாட்டேன். தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னேன், மூஞ்சி எரியுது, சாருக்குத் தெரிஞ்சு திட்டுறாரா தெரியாம திட்டுறாரான்னு ஒரு நெனப்பு வந்து வந்து போகுது, எதுவா இருந்தாலும் எரியிறது என்னவோ ஒரே மாதிரிதான் எரியுது. "இதுக்கு மேல அவன் தலையில கை வச்ச, அவ்வளவுதான். அது வளர்ற வரைக்கும் பின்னாடி யாரும் தொடக் கூடாது. எந்திரிடா நித்தீஸு. கிளாஸுக்குப் போ."

துணிய அவுத்து விட்டேன். எந்திரிச்சான். நின்னான். கேட்டுப் பக்கம் ஒரு அடி, படிக்கட்டுப் பக்கம் ஒரு அடி, எந்தப் பக்கம்னு அவனுக்கே தெரியல. வரிசையில இருந்து ஒருத்தன் வந்து அவன் தோள்ல கைய போட்டான், "மாப்ள, வலிச்சுச்சாடா?" நித்தீஸு அவனப் பாத்தான். அப்புறம் என்னையப் பாத்தான், ஒரு நொடி, கண்ணுல ஒன்னுமே இல்ல, எனக்கு எதுவும் வேண்டாம், இருந்தா தாங்காது. பின்னந்தலைய கையால தடவிக்கிட்டே, நல்லா சத்தமா சொன்னான், "கொதறி வச்சிட்டான்டா அந்தாளு. மெஷினே புடிக்கத் தெரியல, பெரிய இவனாட்டம் வந்துட்டான்." கூட ரெண்டு பேரு சேந்துக்கிட்டாய்ங்க, ஒருத்தன் என்னையத் திரும்பிப் பாத்து கெட்ட வார்த்த ஒன்னு சொன்னான், நித்தீஸு அதுக்கு மேல ஒரு கெட்ட வார்த்த சொன்னான், என் அம்மாவை எல்லாம் இழுத்தான், நல்லாவே இழுத்தான், மூணு பேரும் படியேறிப் போயிட்டாய்ங்க. மேல, வராந்தாவுல திரும்பி, பி செக்சனுக்குள்ள.

அடுத்து யாருன்னேன். யாரும் வரல. சாரு விசில ஊதுனாரு, ஒருத்தன தள்ளி விட்டாய்ங்க, வந்து உக்காந்தவன் ரெண்டு கையாலயும் மண்டைய பொத்திக்கிட்டான். "ண்ணே, பாத்துண்ணே, நாளைக்கு எனக்கும் பொண்ணு பாக்க வேணாமா." வரிசை மொத்தமும் விழுந்து விழுந்து சிரிக்குது. சிரிக்கட்டும். பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும் ராமருக்குக் கை நடுங்குதுன்னு, ஞாயித்துக்கெழம எவனும் என் சேருல உக்கார மாட்டான், குருசாமி அண்ணனுட்ட என்னத்தச் சொல்றதுன்னு தெரியல. கைய எடுடா. மொதல்ல மண்டையில இருந்து கைய எடு.